கேள்வி-பதில் எப்படி 'சால்ஜாப்பு' ஆச்சு? ஒரு சொல்லின் கதையும், மழுப்பலுக்குச் சட்டம் வைத்திருக்கும் விலையும்

"ஏனுங்க, அந்த பில் பணம் என்னாச்சுங்க?"

"வந்துருமுங்க. பார்ட்டிகிட்ட இருந்து நமக்கே இன்னும் வரலீங்க."

அடுத்த வாரம் கேட்டால், "செக்ல கையெழுத்துப் போட மொதலாளி ஊர்ல இல்லீங்க." அதற்கடுத்த வாரம், "ஆடிட்டர் பார்த்துட்டு இருக்காருங்க." மூன்றாவது மாதம், "பீஸ்ல கொஞ்சம் கம்ப்ளைன்ட் இருந்துச்சுங்களே..."

கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோ பக்கமோ லேத் பட்டறை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் யாருக்கும் இந்த உரையாடல் புதுசு இல்லை. போனை வைத்ததும் பட்டறைக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "இதே சால்ஜாப்புதான் மூணு மாசமா!"

தமிழ்நாடு முழுக்கப் புழங்கும் சொல்தான் இது. வீட்டில், பள்ளியில், அலுவலகத்தில், சட்டமன்றச் செய்திகளில் என்று எல்லா இடத்திலும் கேட்கிறோம். ஆனால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? மழுப்பல், சாக்குப்போக்கு, தட்டிக்கழித்தல் எல்லாம் இதே அர்த்தம்தானா? யாராவது நம்மிடம் சால்ஜாப்பு சொன்னால் என்ன செய்ய முடியும்? விரிவாகப் பார்க்கலாம்.

சால்ஜாப்பு என்றால் என்ன?

கேட்ட கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லாமல், பதில் மாதிரி தெரியும் வேறு எதையோ சொல்லி அந்த நேரத்தைக் கடத்திவிடுவதுதான் சால்ஜாப்பு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சால்ஜாப்பு சொல்பவர் பேசாமல் இருப்பதில்லை. நிறையவே பேசுவார். ஆனால் கேட்டவருக்குத் தேவையான அந்த ஒரு தகவல் மட்டும் அந்தப் பேச்சில் இருக்காது.

இந்தச் சொல் பெரும்பாலும் 'சொல்' என்ற வினையோடு வரும். "சால்ஜாப்பு சொல்றான்", "சால்ஜாப்பு சொல்லித் தப்பிச்சிட்டாங்க", "உன் சால்ஜாப்பெல்லாம் இங்க வேணாம்" என்பதுபோல. பாராட்டாக யாரும் பயன்படுத்துவதில்லை. "நான் சால்ஜாப்பு சொன்னேன்" என்று தன்னைப் பற்றிச் சொல்பவர்களும் குறைவு. எப்போதும் எதிராளி சொல்வதுதான் சால்ஜாப்பு. நாம் சொல்வது 'காரணம்'!

சொல் எங்கிருந்து வந்தது?

ஜ என்ற எழுத்தைப் பார்த்ததுமே இது தமிழுக்கு வெளியிலிருந்து வந்த சொல் என்று ஊகிக்கலாம். இதன் வேர் உருதுவிலும் இந்தியிலும் உள்ள 'சவால்-ஜவாப்'. சவால் என்றால் கேள்வி. ஜவாப் என்றால் பதில். இரண்டுமே அரபு மொழியில் தோன்றி, பாரசீகம் வழியாக இந்திய மொழிகளுக்குள் வந்தவை.

ஆக, சவால்-ஜவாப் என்றால் வெறும் 'கேள்வி-பதில்'. இந்துஸ்தானி இசைக் கச்சேரிகளில் சிதார் ஒரு கோவையை வாசிக்க, தபலா அதற்குப் பதில் வாசிக்கும் பகுதிக்கும் இன்றுவரை அதே பெயர்தான்.

தமிழ் நாக்கில் 'சவால்' குறுகி 'சால்' ஆனது. 'ஜவாப்' குறுகி 'ஜாப்பு' ஆனது. ஒலி குறுகியதோடு பொருளும் திசை மாறிவிட்டது. கேள்வியும் பதிலுமாக இருந்த சொல், பதிலே இல்லாத பேச்சுக்குப் பெயராகிவிட்டது.

நீதிமன்றம், வருவாய்த்துறை சார்ந்த பல சொற்கள் தமிழுக்கு வந்த பாதையும் இதுதான். வசூல், பாக்கி, ஜப்தி, வக்கீல், ஆஜர், நகல், ரத்து, தாசில்தார், தாலுகா எல்லாம் பாரசீக, அரபு வேர் கொண்டவை. அரசு நிர்வாகத்தில் பாரசீகமும் உருதுவும் மராத்தியும் புழங்கிய காலத்தின் அடையாளங்கள். கொங்குப் பகுதியும் 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் ஆட்சியின் கீழ் இருந்து, 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆட்சிகள் மாறினாலும் கச்சேரிச் சொற்கள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன.

ஒரே வேர், மூன்று வாழ்க்கை

இந்த ஜோடிச் சொல் தமிழில் மூன்று விதமாக வாழ்கிறது என்பதுதான் சுவாரஸ்யம்.

முதலாவது, சவால். இந்தியில் இது சாதாரணக் கேள்வி. தமிழிலோ 'முடிந்தால் செய்து பார்' என்ற அறைகூவல்.

இரண்டாவது, ஜவாப்தாரி. பதில் சொல்ல வேண்டியவர், அதாவது பொறுப்பாளி. இப்போது அதிகம் கேட்பதில்லை. ஆனால் பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் சாதாரணமாகப் புழங்கிய சொல் இது. "இதுக்கு யாரு ஜவாப்தாரி?" என்று கேட்கும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம்.

மூன்றாவது, சால்ஜாப்பு.

பதில் சொல்லக் கடமைப்பட்டவரும், பதிலைத் தட்டிவிடும் பேச்சும் ஒரே 'ஜவாப்' வேரிலிருந்து வந்தவை. இந்த இரண்டுக்கும் இடையில்தான் பட்டறைக்காரரின் பில் பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மழுப்பல், சாக்குப்போக்கு, டிமிக்கி... எல்லாம் ஒண்ணா?

இல்லை. செய்தியிலும் பேச்சிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் உண்டு.

மழுப்பல்: பதிலின் கூர்மையை எடுத்துவிடுவது. 'மழுங்கிய கத்தி' என்கிறோமே, அதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நடுவில் வழுக்கிப் போவது. "கூட்டணி குறித்த கேள்விக்கு மழுப்பலாகப் பதிலளித்தார்" என்று நாங்களே வாரம் ஒரு முறையாவது எழுதுகிறோம்.

சாக்குப்போக்கு: பொய்யான அல்லது பலவீனமான காரணம். "மழையைச் சாக்கு வச்சு வேலைக்கு வரல." இங்கே காரணம் என்ற ஒன்று இருக்கும், ஆனால் அது உண்மையான காரணமாக இருக்காது.

தட்டிக்கழித்தல்: பேச்சைவிடச் செயலோடு அதிகம் தொடர்புடையது. செய்ய வேண்டிய வேலையை, பொறுப்பைத் தவிர்ப்பது. "அந்த ஆபீஸுக்குப் போங்க" என்று இன்னொரு ஜன்னலைக் காட்டுவது இதற்கு நல்ல உதாரணம்.

இழுத்தடித்தல்: மறுப்பதில்லை, மறைப்பதில்லை, ஆனால் முடிப்பதும் இல்லை. காலம்தான் இதன் ஆயுதம்.

டிமிக்கி கொடுத்தல், கம்பி நீட்டுதல்: ஆளே நழுவிவிடுவது. போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தால் அது சால்ஜாப்பு இல்லை, டிமிக்கி.

ஏய்ப்பு: இது மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையானது. ஏமாற்றுதல் என்ற குற்றம் இதற்குள் இருக்கிறது. அதனால்தான் வரியைச் சட்டவிரோதமாக மறைப்பதை 'வரி ஏய்ப்பு' என்கிறோம். 'வரி சால்ஜாப்பு' என்று யாரும் சொல்வதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், பதில் மழுங்கினால் மழுப்பல். காரணம் பொய்யானால் சாக்கு. ஆள் காணாமல் போனால் டிமிக்கி. ஆள் எதிரிலேயே நின்று, பேச்சும் நன்றாக ஓடி, கடைசியில் கை வெறுமையாக இருந்தால் அது சால்ஜாப்பு.

'பார்க்கலாமுங்க' சால்ஜாப்பா?

கொங்குத் தமிழில் இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. எதிரில் இருப்பவர் முகத்தில் அடித்த மாதிரி 'முடியாது' என்று சொல்வதை இங்கே பலர் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். அதனால் மறுப்புகூட "பார்க்கலாமுங்க", "ஆகட்டுங்க", "பண்ணிக்கலாமுங்க" என்று 'ங்க' போட்டு மென்மையாகத்தான் வரும். கேட்பவருக்கும் அந்தத் தொனியிலேயே விஷயம் புரிந்துவிடும். இருவருக்கும் புரிந்த மென்மையான மறுப்பு, மரியாதை. ஒருவரைக் காத்திருக்க வைப்பதற்காகச் சொல்லப்படும் அதே வார்த்தை, சால்ஜாப்பு.

"ஆகட்டும் பார்க்கலாம்" என்றதும் பலருக்கு காமராஜர் நினைவுக்கு வருவார். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த அவருடைய அடையாளமாகவே மாறிவிட்ட வார்த்தை அது. ஆனால் அதை யாரும் சால்ஜாப்பு என்று சொல்வதில்லை. சொன்னவர் செய்துவிட்டுப் போனால் அதே வார்த்தை வாக்குறுதியாகிறது. ஆக, வார்த்தையை மட்டும் வைத்து எடைபோட முடியாது; அடுத்து என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நேரடியாகப் பதில் சொல்லாத எல்லோரும் தப்பு செய்பவர்கள் இல்லை. "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கல்யாண வீட்டில் கேட்கும் உறவினரிடம் பேச்சை மாற்றும் பெண்ணுக்கு, பதில் சொல்லும் கடமை எதுவும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 20(3)-வது பிரிவே பாதுகாப்பு தருகிறது. பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இருந்தும் சொல்லாமல் விடும்போதுதான் சால்ஜாப்பு என்ற குற்றச்சாட்டு பொருந்தும். பணம் தர வேண்டியவர், அரசு அலுவலகம், அமைச்சர், வழக்கின் எதிர்வாதி எல்லாம் இந்த வரிசையில் வருவார்கள்.

இந்த நான்கு பேருக்கும் சட்டமும் விதிகளும் ஒரு பதில் வைத்திருக்கின்றன. சால்ஜாப்பு சொல்லாதே என்று வாயைக் கட்டிப்போடுவதில்லை. சொன்னால், அந்த சால்ஜாப்பை வேறொன்றாக மாற்றிவிடுகின்றன.

நீதிமன்றத்தில்: மழுப்பினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்

1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8-வது கட்டளை, 4-வது விதி, எதிர்வாதி தன் மீதான குற்றச்சாட்டை மழுப்பலாக மறுக்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. அதற்கு அந்த விதியிலேயே உதாரணமும் உண்டு. ஒருவர் ஒரு குறிப்பிட்ட தொகையை வாங்கினார் என்று வழக்கு இருந்தால், "அந்தத் தொகையை நான் வாங்கவில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையுமோ வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு வாங்கினார் என்று சொல்ல வேண்டும்.

2 லட்சம் வாங்கியதாக வழக்கு, வாங்கியது 1,90,000. "2 லட்சம் வாங்கலீங்க" என்பது பொய் இல்லைதான். ஆனால் அது சால்ஜாப்பு. 5-வது விதியின்படி, குறிப்பாக மறுக்கப்படாத விஷயம் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும். நீதிமன்றம் விரும்பினால் தனியாக ஆதாரமும் கேட்கலாம்.

நாடாளுமன்றத்தில்: 'பரிசீலனையில் உள்ளது' என்றால் வாக்குறுதி

"பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு வருகிறது", "நான் இதைக் கவனிக்கிறேன்." கேள்வி நேரத்தில் அமைச்சர்கள் சொல்லும் இந்த வாக்கியங்களைக் கேட்டதும் 'வழக்கமான சால்ஜாப்பு' என்று சேனலை மாற்றிவிடுகிறோம். ஆனால் மக்களவையில் இதற்கென்றே 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இயங்குகிறது. இப்படிப்பட்ட வாக்கியங்கள் 'உறுதிமொழி' என்று கணக்கில் எடுக்கப்படும். சம்பந்தப்பட்ட அமைச்சகம் 3 மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் குழுவிடம் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இதுபோன்ற குழு உண்டு.

தொலைக்காட்சிப் பேட்டியில் அப்படிக் குழு எதுவும் கிடையாது. அங்கே இருக்கும் ஒரே ஆயுதம், அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது. 1997 மே மாதம் பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சியில் ஜெரமி பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியை ஏறத்தாழ ஒரு டஜன் முறை கேட்டார். ஹோவர்டு ஒவ்வொரு முறையும் வேறு எதையோ சொன்னார். பதில் கடைசிவரை வரவில்லை. ஆனால் வரவில்லை என்பதை நாடே பார்த்துவிட்டது.

அரசு அலுவலகத்தில்: மௌனம் என்றால் மறுப்பு

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தவர்களுக்குத் தெரியும், "மேல அனுப்பியிருக்கோம்" என்ற பதில் எத்தனை மாதம் ஓடும் என்று. இங்கே கைகொடுப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005.

விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். 30 நாள் முடிந்தும் பதில் இல்லை என்றால், தகவல் மறுக்கப்பட்டதாகவே சட்டம் கருதும். உடனே மேல்முறையீடு செய்யலாம். தாமதமாகத் தரும் தகவலை இலவசமாகத் தர வேண்டும். காரணமின்றித் தாமதித்தால், பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

கேள்வியை எழுதும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "என் மனு மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் சால்ஜாப்புக்கு வழி கிடைக்கும். "இந்த எண்ணுள்ள என் மனு எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது? அதன் மீதான குறிப்புகளின் நகல் வேண்டும்" என்று கேட்டால் ஆவணம்தான் பேச வேண்டும். அதனால் மனு கொடுக்கும்போதே பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்க.

பட்டறையில்: சால்ஜாப்புக்கு வட்டி உண்டு

இப்போது நம் லேத் பட்டறைக்காரரிடம் திரும்பலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, குறு, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பணத்துக்குக் காலக்கெடு வைத்திருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கையோ சேவையையோ ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான்.

"பீஸ்ல கம்ப்ளைன்ட் இருந்துச்சுங்களே" என்ற மூன்றாவது மாத சால்ஜாப்புக்கும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். குறை இருந்தால், டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால், டெலிவரி ஆன நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு.

கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வட்டி 18 சதவீதம். 2 லட்சம் ரூபாய் பாக்கியை 6 மாதம் இழுத்தடித்தால் வட்டி மட்டும் சுமார் 18,700 ரூபாய்.

இதோடு, 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) பிரிவு, கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று மாற்றியது. பணம் தராமலே செலவுக் கணக்கு எழுதி வரியைக் குறைத்துக்கொள்ளும் வழி இதனால் அடைபட்டது.

எங்கே புகார் செய்வது? உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனங்கள் இணையதளம் வழியாக, குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தை அணுகலாம். கோவையிலும் மண்டல மன்றம் உள்ளது. முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். பிரச்சினை வந்த பிறகு பதிவு செய்வதைவிட, வேலை எடுக்கும் முன்பே உத்யம் பதிவை முடித்து வைப்பதுதான் பாதுகாப்பு.

நடைமுறையில் ஒரு சங்கடமும் உண்டு. "அடுத்த ஆர்டர் வராதுங்களே" என்ற பயம்தான் பல பட்டறைக்காரர்களைப் புகார் வரை போகவிடாமல் தடுக்கிறது. வாங்கியவரும் தன் பங்குக்கு வேறொரு பெரிய கம்பெனியின் பணத்துக்காகக் காத்திருக்கலாம். அதனால் முதல் நாளே மன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சால்ஜாப்பைக் கண்டுபிடிக்க மூணு கேள்வி

எவ்வளவு? எந்தத் தேதி? யார் பொறுப்பு?

உண்மையான காரணம் சொல்பவரிடம் இந்த மூன்றில் இரண்டுக்காவது பதில் இருக்கும். "பாதி 15-ம் தேதி தர்றனுங்க, மீதி அடுத்த மாசம்" என்பது தாமதம்தான், சால்ஜாப்பு இல்லை. மூன்றுக்குமே "பார்க்கலாமுங்க" என்று வந்தால், உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

போனில் பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்க, மரியாதை குறையாமலே: "வணக்கமுங்க. டெலிவரி சலான் எண், தேதி மேல இருக்குதுங்க. பீஸ்ல குறை எதுவும் சொல்லலீங்க. பாக்கி 2 லட்சம் 15-ம் தேதி போடறதா இன்னைக்கு போன்ல சொன்னீங்க. சரிதானுங்களே?"

அதற்கு வருகிற பதில் எதுவானாலும், அல்லது பதிலே வராவிட்டாலும், அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்க.